அசையும் ஹரகத்தும்

தமிழ்ச் செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றை 'அசை' என்று வழங்கினர் நம் முன்னோர். அரபு எழுத்தை இயக்கும் உயிரொலியை 'ஹரகத்' என்று வழங்கினர் அரபு இலக்கணிகள். ஹரகத் என்னும் சொல்லுக்கு நேர்ப்பொருள் அசைவு என்பதாம். அசை என்பதற்குக் கட்டுதல் என்றொரு பொருளும் உண்டு. எனினும் அசைதல் என்னும் பொருளே எவர் நெஞ்சிலும் முதலில் எழுவது.

இளமையில் மதரஸாவில் ஹரகத்தையும், பின்னர்த் தமிழாசிரியர் ஒருவரிடம் அசையையும் கற்ற நமக்கு இந்த ஒப்புமை நெடுநாள் வியப்பாகவே இருந்து வந்தது. தொல்காப்பியர் மாத்திரை என்னும் காலவளவை விளக்கப் புகுந்தபோது கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் அளவாகக் காட்டினார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. தஜ்வீத் கற்பிக்கும் ஆசிரியரோ நீட்டெழுத்தை எவ்வளவு நீட்டுவது என்பதை விரலை மடக்கியும் விரித்தும் காட்டுவார். இயல்பான நீட்டம் இரண்டு ஹரகத். மிக நீண்டது ஆறு. நாழிகை வட்டிலையோ மணற்கடிகையையோ இவ்விரு சாராரும் நாடவில்லை. இமையும் விரலுமே அவர்களுக்குக் கடிகாரமாயின.

காதால் கேட்கும் ஒலியின் காலத்தை அளக்க, உடம்பின் அசைவை ஏன் நாடினர்? தாளத்துக்கும் நடைக்கும் உள்ள உறவு யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு நம் பெரம்பலூர், அரியலூர் மண்ணில் ஒரு பகுதி கிடைக்கும். பழைய பஸரா நகரத்துக் கடைத்தெருவில் ஒரு பகுதி கிடைக்கும். இக்கால மருத்துவ ஆய்வுக் கூடங்களில் மற்றொரு பகுதி கிடைக்கும். அவற்றை ஒருசேர வைத்து நோக்குவோம்.

வெள்ளாற்றங்கரையில் கேட்டவை

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக அமைந்த நிலப்பகுதி இவ்விரு மாவட்டங்கள். நம் இளமையில் இவை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001இல் பிரிந்த அரியலூர், 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007இல் மறுபடி தனித்து நின்றது. கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர்களில் நெல் விளையும். மேற்கே செல்லச் செல்ல மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும் மிகும்.

வெள்ளாற்றங்கரை ஊரொன்றில் வளர்ந்த நமக்கு, விடியற்காலம் என்றால் இரண்டு ஒலிகள் நினைவுக்கு வரும். ஒன்று மதரஸாவில் பிள்ளைகள் ஓதும் ஒலி. பலகையில் குர்ஆனை விரித்து வைத்து, காலை மடக்கி அமர்ந்து ஓதும்போது எல்லா உடல்களும் முன்னும் பின்னும் ஆடும். இவ்வாறு ஆடுங்கள் என்று எந்த உஸ்தாதும் கற்பித்ததில்லை. புதிதாய் வந்த பிள்ளை மூன்றாம் நாள் தானே ஆடத் தொடங்கும். 'நிமிர்ந்து, அசையாமல் ஓது' என்று அதட்டினால், நன்றாய்ப் பாடமான பகுதியும் நாவில் தடுக்கும். இதனை நாமே ஆசிரியரான பின்னர்ப் பன்முறை கண்டிருக்கிறோம்.

மற்றொன்று கவலை இறைக்கும் ஒலி. மின்சார மோட்டார் எல்லாக் கிணறுகளையும் எட்டாத கடைசி நாள்கள் அவை. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, நீர் நிறைந்த சால் மேலேறும். அப்போது ஓட்டுபவர் பாட்டின் ஓரடியை நீட்டிப் பாடுவார். நீர் கொட்டியதும் மாடுகள் பின்னோக்கி நடக்கும். பாட்டின் அடுத்த அடி அதற்குரியது. பாட்டு நின்றால் மாடும் தயங்கும் என்பர். பாட்டுக்குள்ளேயே எண்ணிக்கையும் ஓடும். எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதற்கு அதுவே கணக்கு. அப்பாட்டில் உழைப்பு, பொழுது, கணக்கு ஆகிய மூன்றும் ஒன்றாய்ப் பிணைந்து கிடந்தன.

ரமலான் இரவுகளில் ஸஹர் நேரத்தில் மக்களை எழுப்பப் பக்கீர்மார் வருவர். அவர் கையிலுள்ள தாயிராவின் ஒலி தெருமுனையில் கேட்கும்போதே, அரைத்தூக்கத்தில் கிணற்றடிக்குச் செல்லும் நம் காலடிகள் அந்த ஒலியோடு சேர்ந்து விழும். சேர்ந்து விழுகின்றன என்பதை நாம் அறிவது, ஒலி நின்று கால் தடுமாறும்போதுதான்.

சம்மட்டியும் ஏற்றமும்

அரபு யாப்பிலக்கணத்தின் தந்தை எனப் போற்றப்படும் கலீல் இப்னு அஹ்மத், ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்தவர். அவர் செம்புக் கொல்லர் தெரு வழியே சென்றபோது, பட்டறைகளிலிருந்து எழுந்த சம்மட்டி ஒலிகளின் ஒழுங்கைக் கேட்டுப் பாவின் இலக்கணத்தைக் கண்டடைந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. அவர் பாவடிகளை எழுத்தெண்ணி வகுக்கவில்லை. அசையும் எழுத்து, அசையா எழுத்து என இரண்டாகவே வகுத்தார். ஹரகத் பெற்றது அசைவது. ஸுகூன் பெற்றது அடங்கி நிற்பது. இவ்விரண்டின் அடுக்குகளிலிருந்து 15 பாவகைகளை அவர் வரையறுத்தார். பின்னர் அக்ஃபஷ் 16ஆவதைச் சேர்த்தார் என்பர். கலீல் தனியே அமர்ந்து பாவடியை அலகிட்டுக்கொண்டிருந்ததைக் கண்ட அவர் மைந்தர், தந்தைக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று வெளியே சென்று சொன்னாராம்.

இதற்கு இணையான கதையொன்று நம் சோழநாட்டிலும் உண்டு. இற்றை அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய காலத்தை ஒட்டி வாழ்ந்தவர் கம்பர். அவர் ஒரு மாலையில் ஏற்றம் இறைப்பவரின் பாட்டைக் கேட்டு நின்றாராம். பொழுது சாய்ந்தது, ஏற்றம் நின்றது, பாட்டும் பாதியில் நின்றது. அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கவிச்சக்கரவர்த்தி இரவெல்லாம் எண்ணி எண்ணிப் பார்த்தும் நிறைவு பெறாமல், விடிந்ததும் வந்து கேட்டுத் தெளிந்தார் என்பது கதை. கல்லாத உழவரின் கவித்திறத்தைப் புகழவே இக்கதையைச் சொல்வர். நாம் இதில் வேறொன்றையும் காண்கிறோம். பாட்டு நின்றது பொருள் முடிந்ததனால் அன்று, கால் நின்றதனால். அப்பாட்டு நாவுக்கு உரியதாய் இருந்ததைப் போலவே காலுக்கும் உரியதாய் இருந்தது.

கலீலுக்குப் பின் வந்த அறிஞர் அபூநஸ்ர் ஃபாராபி (இறப்பு கி.பி. 950) இசை பற்றிய தம் பெருநூலில், 'ஈகாஉ' எனப்படும் தாளத்தை, அளவும் விகிதமும் வரையறுக்கப்பட்ட காலங்களில் ஒலிகளின்மேல் இடம்பெயர்ந்து செல்லுதல் என்று விளக்கினார். ஈண்டும் இயக்கமே தாளத்தின் இலக்கணமாகிறது. மருத்துவப் பேரறிஞர் இப்னு ஸீனா (இறப்பு கி.பி. 1037) தம் 'கானூன்' நூலில் நாடித்துடிப்பை ஆராயும்போது, அதில் இசையின் இயல்பு அமைந்திருப்பதை எடுத்துக் காட்டுகிறார்.

நமது நிலமும் இவ்வுறவைப் பெயர்களிலேயே பொதிந்து வைத்திருக்கிறது. செய்யுளின் வரிக்கு 'அடி' என்று பெயர். பாட்டின் போக்குக்கு 'நடை' என்று பெயர். வழிச் செல்வோர்க்கு வழிநடைச் சிந்து பிறந்தது. நொண்டிக்கென்று ஒரு சிந்து அமைந்தது. சீதக்காதி வள்ளலைப் போற்றும் நொண்டி நாடகமும் அம்மரபினதே.

ஒட்டகமும் ரஜஸும்

பாலைவனத்து அரபியர்க்கு ஒட்டகத்தை ஓட்டப் பாடும் 'ஹுதா' என்னும் பாட்டு இன்றியமையாதது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பயணமொன்றில் அன்ஜஷா என்னும் இனிய குரலுடையார் ஒட்டகங்களை ஓட்டிப் பாடினார். பாட்டின் வேகத்தில் ஒட்டகங்கள் விரைந்தன. அவற்றின்மேல் பெண்கள் அமர்ந்திருந்தனர். அவர்களைக் கண்ணாடிக் கலங்களுக்கு ஒப்பிட்டு, மெல்லச் செலுத்துமாறு அன்ஜஷாவைப் பெருமானார் பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. பாட்டால் நடை மாறும் என்பதும், மாறும் நடையால் ஊறு நேரலாம் என்பதும் அங்கே ஒருங்கே உணரப்பட்டன.

இமாம் கஸ்ஸாலி (இறப்பு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) தம் 'இஹ்யா'வில் ஒரு செய்தியை எடுத்துரைக்கிறார். குரல்வளம் மிக்க அடிமை ஒருவர் பாடியதால், பெருஞ்சுமை சுமந்த ஒட்டகங்கள் மூன்று இரவுப் பயணத்தை ஓரிரவில் ஓடி முடித்தன. சுமையை இறக்கியதும் ஒன்று தவிர ஏனையவை மாண்டன.

இந்த ஒட்டக நடையோடு உறவுடைய பாவகையே 'ரஜஸ்' என்பர். அகராதியாளர் தரும் விளக்கம் சுவையானது. எழுந்து நிற்க முயலும் ஒட்டகத்தின் பின்னங்கால்களில் தோன்றும் நடுக்கத்துக்கு ரஜஸ் என்று பெயர். அந்நடுக்கம் போல் அசைந்தும் நின்றும் செல்வதால் பாவுக்கும் அப்பெயர் வந்தது. ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) மதீனாவைக் காக்க அகழ் தோண்டியபோது, மண் சுமந்த தோழர்கள் பாடியது ரஜஸ் பாட்டே. பெருமானாரும் அவர்களோடு மண் சுமந்து, அடியின் இறுதிச் சொல்லை உரத்த குரலில் நீட்டினார்கள் என ஹதீஸ் நூல்கள் பகர்கின்றன. வெள்ளாற்றங்கரையின் கவலைப் பாட்டுக்கும் மதீனாவின் அகழ்ப் பாட்டுக்கும் தொழில் ஒன்றே: பல கைகளை ஒரே பொழுதில் எழச் செய்வது.

அண்டலூசியாவில் பிறந்து திமிஷ்கில் மறைந்த இப்னு மாலிக் (இறப்பு கி.பி. 1274) அரபு இலக்கணம் முழுவதையும் ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் 'அல்ஃபிய்யா' என்னும் நூலாக்கினார். அதற்கும் அவர் தேர்ந்தது ரஜஸே. தமிழகத்து மதரஸாக்களில் அதனை மனனம் செய்த தலைமுறைகள் பல. உடல் ஆட ஆட ஓதியவர்கள், இலக்கணத்தோடு ஒட்டகத்தின் நடையையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொண்டனர்.

வாலிகண்டபுரத்தருகே முரசொலி

தாளத்தைப் போர்த்தொழிலும் பயன்கொண்டது. பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பலரும் பார்த்திருப்பர். 1751ஆம் ஆண்டு ஜூலையில் இக்கோட்டையின் சுற்றுப்புறத்தில் இரு படைகள் எதிர்நின்றன. ஒருபுறம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும்; மறுபுறம் முஹம்மது அலியின் சார்பில் வந்த ஆங்கிலப் பட்டாளம். கேப்டன் ஜிஞ்சென்ஸ் தலைமையில் வந்த அப்படையில் இராபர்ட் கிளைவும் இருந்தார். அன்றைய மோதலில் ஆங்கிலப் பட்டாளம் கலவரமுற்று அணி குலைந்து, ஊட்டத்தூர் வழியே திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது.

ஐரோப்பியப் படைகள் முரசின் அடிக்கேற்பக் கால் ஒத்து நடக்கும் முறையைத் தீவிரமாய்ப் பயின்றுவந்த நூற்றாண்டு அது. பிரெஞ்சு மார்ஷல் மாரிஸ் த சாக்ஸ், அவர் இறந்தபின் 1757இல் வெளியான நூலில், உரோமரின் படைநடைக்குரிய மறைபொருள் தாளமே என்றார். அவர் காட்டும் சான்று எளியது. இசை ஒலிக்கும்போது இரவெல்லாம் களைப்பின்றி ஆடும் மனிதர், இசையின்றிக் கால் மணி நேரமும் ஆடமாட்டார் என்பதே அது. அமெரிக்க வரலாற்றறிஞர் வில்லியம் மெக்நீல் 1995இல் இப்பொருள் பற்றித் தனிநூலே எழுதினார். ஒருங்கே காலெடுத்து வைப்போர் உள்ளத்தாலும் பிணைப்புண்டு போகின்றனர் என்பது அவர் கொள்கை. ஆயினும் முரசு தந்த ஒழுங்கை அச்சம் ஒரு நொடியில் குலைத்துவிடும் என்பதற்கு நம் மண்ணே சாட்சியாயிற்று.

மூளை கூறும் விடை

இனி இக்கால அறிவியலின்பால் வருவோம். ஒலி கேட்ட பின்னர்த் தட்டு என்று ஒருவரைப் பணித்தால், அவர் விரல் அசைய நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகும். ஆனால் சீரான தாளத்தோடு சேர்ந்து தட்டு என்றால் அவர் பிந்துவதில்லை. பெரும்பாலோர் ஒலிக்குச் சற்று முன்னரே தட்டிவிடுகின்றனர். இதன் பொருள் யாது? மூளை ஒலிக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்பதை முன்னரே கணித்துவிடுகிறது. கம்பரை இரவெல்லாம் வருத்தியது இக்கணிப்பே போலும்!

இக்கணிப்பு மூளையில் எங்கே நிகழ்கிறது? ஜெசிக்கா கிரான், மேத்யூ பிரெட் ஆகிய இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு கருதத்தக்கது. ஆய்வுக்கு உட்பட்டோர் அசையாமல் படுத்திருந்து தாளத்தை வெறுமனே கேட்டனர். ஆயினும் சீரான அடி கேட்கும்போது, உடலியக்கத்தை ஆளும் பகுதிகளான அடித்தள நரம்புக் கணுக்களும், மூளைப் புறணியின் துணை இயக்கப் பகுதியும் கூடுதலாய்க் கிளர்ந்தன. கால் அசையவில்லை, காலை அசைக்கும் மூளைப்பகுதி விழித்துக்கொண்டது. காலத்தைக் கேட்பதும் உள்ளே ஓர் அசைவே என்பது இதனால் விளங்கும். இமையையும் விரலையும் அளவாய்க் கொண்ட நம் இலக்கணிகள் சொல்லால் தொட்ட இடத்தை, ஆய்வாளர் கருவியால் தொட்டிருக்கின்றனர்.

பச்சைக் குழந்தைக்கும் இவ்வுணர்வு உண்டு. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுக்கள், எதிர்பார்த்த அடி விடுபட்டால் அதனை உணர்கின்றன என்பதை 2009இல் வெளியான ஆய்வொன்று மூளையலைகளைக் கொண்டு காட்டியது. கனடாவில் 2005இல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தம் இல்லாத ஒரே தாளத்தைக் கேட்பித்து, சிலரை இரண்டாம் அடிதோறும், சிலரை மூன்றாம் அடிதோறும் தூக்கி அசைத்தனர். பின்னர், எந்த அடியில் அசைக்கப்பட்டனவோ அந்த அடி அழுந்திய தாளத்தையே அக்குழந்தைகள் விரும்பிக் கேட்டன. அதாவது, உடம்பு அசைந்தவாறே காது கேட்கக் கற்றது. தூளியை ஆட்டித் தாலாட்டும் தாயர் பாட்டை மட்டுமா ஊட்டுகின்றனர்?

ஒட்டகத்தின் செய்தியில் ஒரு வேறுபாட்டை நோக்க வேண்டும். பாட்டால் விரைவது வேறு. பாட்டின் அடியோடு கால் ஒத்து விழுவது வேறு. பழைய செய்திகள் முன்னதையே கூறுகின்றன. பின்னது விலங்குகளில் அரிது. கொண்டைக்கிளி ஒன்று இசையின் வேகத்துக்கேற்பத் தன் அசைவை மாற்றிக்கொள்வதை 2009இல் ஆய்ந்து கண்டபோது அறிவுலகம் வியந்தது. மனிதனுக்கோ அது பிறவிக் கொடை.

நிலைப்படியில் நின்ற கால்

இவையெல்லாம் ஏட்டறிவாகவே நம்மிடம் தங்கியிருக்கும், நம் ஆசிரியப் பெருந்தகை ஒருவர் நோயுறாதிருந்தால்.

நமக்கு அல்ஃபிய்யா கற்பித்தவர் அவர். எழுபதைக் கடந்தபின் கைந்நடுக்கம் கண்டது. ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விளக்கி எழுதியதால் அவர் பெயரால் வழங்கும் நடுக்குவாதம் அது. மூளையின் ஆழத்தே டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால் விளைவது. நடுக்கத்தினும் கொடியது நடை உறைதல். நன்றாய் நடந்து வருபவர் நிலைப்படியை அடைந்ததும் பாதம் தரையோடு ஒட்டியது போல் நின்றுவிடுவார். தொழுகைக்கு நேரமாகும்; உள்ளம் முன்னே செல்லும்; கால் வாராது. தாங்கிப் பிடிக்க முயன்றால் விழுவார். இருமுறை விழுந்தார்.

திருச்சியில் உடற்பயிற்சி மருத்துவர் ஒருவர், சீரான தாள ஒலியையோ பாட்டையோ கேட்டுக்கொண்டு நடக்குமாறு அறிவுறுத்தினார். அது வெற்றுரையன்று. மைக்கேல் தாட் என்பாரும் அவர் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தாள ஒலியோடு நடை பயின்ற இந்நோயாளரின் நடைவேகம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடியது. உள்ளிருந்து அடி எடுத்துக் கொடுக்கும் மூளைப்பகுதி நலிந்தபோது, வெளியிலிருந்து வரும் தாளம் வேறு நரம்புப் பாதை வழியே அப்பணியைச் செய்கிறது என்று கருதுகின்றனர்.

நம் ஆசிரியர் இசைக்கருவியின் ஒலியை வாழ்நாளெல்லாம் விலக்கி வந்தவர். 'இந்த வயதில் நமக்கு அது வேண்டாம்' என்று மறுத்துவிட்டார். அவரை வற்புறுத்த எவருக்கும் துணிவில்லை. ஸமாஉ பற்றிய அறிஞர்தம் கருத்து வேறுபாடு நூற்றாண்டுகள் பழையது. ஒரு முதியவரின் நிலைப்படியில் அதனைத் தீர்க்க நாம் யார்?

ஒருநாள் அஸருக்கு அழைத்துச் செல்ல நாம் சென்றபோது அவர் வாசலில் உறைந்து நின்றார். என்ன செய்வதென்று அறியாமல், இளமையில் அவரிடம் பாடம் ஒப்புவித்த அதே இழுப்பில் அல்ஃபிய்யாவின் முதல் அடிகளை ஓதத் தொடங்கினோம். அடுத்த அடியை அவர் வாய் எடுத்துக்கொண்டது. தோள் சற்றே முன்னும் பின்னும் ஆடியது. மூன்றாம் அடியில் வலக்கால் எழுந்தது. பள்ளிவாசல் வரை இலக்கணம் ஓதிக்கொண்டே நடந்தோம். திண்ணையில் அமர்ந்து மூச்சு வாங்கியபின் அவர் சிரித்தார். 'ரஜஸுக்கு எங்கிருந்து பெயர் வந்தது என்று உமக்குச் சொல்லிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா?' என்றார். எழ முயலும் ஒட்டகத்தின் கால் நடுக்கம்!

அதன்பின் அவர் தாமே ஓதிக்கொண்டு நடக்கப் பழகினார். எல்லா நாளும் பயன்பட்டது என்று சொல்வதற்கில்லை. மருந்தின் இடத்தை அது நிரப்பவும் இல்லை. நோய் தன் வழியே சென்றது. எனினும் ஈராண்டுக் காலம் பெரும்பாலான வக்துகளுக்குத் தம் காலால் பள்ளிக்கு வந்தார். பிறர் இசையைக் கேட்பது போலவே, தாமே பாடிக்கொண்டு நடப்பதும் இந்நோயாளர்க்கு உதவுகிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுவதைப் பின்னரே நாம் படித்தறிந்தோம்.

நம் கடன்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் கவலை ஓய்ந்துவிட்டது. நடவுப் பாட்டறிந்த பெண்டிர் முதியோராயினர். ஸஹர் பாடும் பக்கீர்மாரும் அருகினர். நாட்டுப்பாடல்களைத் தொகுத்தோர் சொல்லை எழுதி வைத்தனர், அது பெருந்தொண்டே. ஆனால் எந்தச் சொல்லில் கால் எழுந்தது, எந்த அசையில் நாற்று ஊன்றப்பட்டது, எந்த நீட்டத்தில் சால் மேலேறியது என்பவற்றைக் குறித்து வைத்தோர் மிகச் சிலர். அசைவை நீக்கிவிட்டால் பாட்டில் பாதிதான் எஞ்சும்.

எனவே இன்னும் உயிரோடிருக்கும் முதியோரிடம் சென்று, பாட்டோடு அவர்தம் கையசைவையும் காலடியையும் ஒளிப்பதிவில் ஏற்றி வைத்தல் இளைஞர் கடன். நடை தளர்ந்த முதியோர்க்குப் பயிற்சியளிப்போர், எங்கிருந்தோ வரும் தாள ஒலியைத் தருமுன், அம்முதியவரின் உடம்பு இளமையில் எந்தத் தாளத்தைக் கற்றது என்று ஒருமுறை கேட்டறிதல் நலம். ஒருவருக்கு அது ஏற்றப் பாட்டாக இருக்கும். ஒருவருக்கு நடவுப் பாட்டாக இருக்கும். மற்றொருவருக்கு அரபு இலக்கணமாகவும் இருக்கலாம்.

நம் ஆசிரியர்க்கு இறைவன் மறுமையில் நற்பேறு அருள்வானாக.